பொரிக்கும் முன்பே முதல் தீனி: குமரி மாவட்டச் சிறு ஹேச்சரிக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

முட்டைக்குள் ஊசி போட்டு, குஞ்சு வெளியே வரும் முன்பே அதற்குச் சத்து கொடுக்கலாம் என்ற செய்தி நம் ஊருக்கும் வந்து சேர்ந்துவிட்டது. மார்த்தாண்டம், கருங்கல், திங்கள்சந்தை பக்கம் ஐந்நூறு, ஆயிரம் முட்டை இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் கேட்பதெல்லாம் ஒரே கேள்விதான்: “சாரே, முட்டைக்குள்ள குளுக்கோஸ் ஏத்துனா கோழி வெயிட்டு கூடுமா?”

கூடலாம். ஆனால் இந்த முறை எந்தக் குறையைச் சரிசெய்ய வந்தது என்று புரியாமல் ஊசியைக் கையில் எடுத்தால், எடை கூடுவதற்கு முன் பொரிப்பு விகிதம்தான் குறையும். அதனால் ஊசி போடும் பகுதியை இந்தக் கட்டுரையில் கொஞ்சம் தள்ளித்தான் வைத்திருக்கிறேன். அவசரப்பட்டு அங்கே தாவ வேண்டாம்.

முட்டைக்குள் என்ன நடக்கிறது

பிராய்லர் முட்டை பொரிய 21 நாள். ஏறக்குறைய 18 நாள் முட்டையை அடைவைத்திருக்கும் செட்டரில், மீதி குஞ்சு பொரியும் ஹேச்சரில். முட்டையில் கொழுப்பும் புரதமும் தாராளமாக இருக்கின்றன. மாவுச்சத்து மட்டும் நூற்றில் ஒரு பங்குகூடக் கிடையாது. வளரும் கரு பெரும்பாலும் மஞ்சள் கருவின் கொழுப்பை எரித்தே வாழ்கிறது. கொழுப்பை எரிக்க ஆக்சிஜன் நிறைய வேண்டும். கடைசி 3 நாளில் குஞ்சு ஓடு முழுவதையும் அடைத்துக்கொண்டு கிடக்கும். ஓட்டின் நுண்துளைகள் வழியாக வருகிற காற்று அதற்குப் போதாது. அந்த நேரத்தில் கொழுப்பு இருந்தும் முழுதாகப் பயன்படாது. முட்டையின் அகன்ற முனையிலுள்ள காற்றறையை அலகால் கிழித்து, முதல் மூச்சு விட்டு, ஓட்டைக் குத்தி உடைத்து வெளியே வரும்வரை அதற்குக் கைகொடுப்பது கல்லீரலிலும் தசையிலும் சேர்த்துவைத்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரைக் கையிருப்பு. கல்லீரலின் எடையே அப்போது ஒரு கிராம் அளவில்தான் இருக்கும். அதிலுள்ள கிளைகோஜன் மில்லிகிராம் கணக்கு. அது தீர்ந்தால் குஞ்சு தன் தசைப் புரதத்தையே கரைத்துக் குளுக்கோஸ் ஆக்கிக்கொள்ளும். பெரும்பாலும் நெஞ்சுத் தசை. நாம் வளர்த்து விற்கப்போகிற கறியை அது முட்டைக்குள்ளேயே தின்ன ஆரம்பித்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சங்கதியும் உண்டு. கருவைச் சுற்றிப் பனிக்குட நீர் இருக்கிறது. அடைகாத்தலின் நடுப்பகுதிக்குப் பிறகு வெள்ளைக் கரு மெல்ல மெல்ல இந்த நீருக்குள் வந்து கலக்கும். குஞ்சு அதை வாயால் குடித்துக் குடித்துத் தீர்க்கும். காற்றறையைக் கிழிப்பதற்குள் ஏறக்குறைய எல்லாவற்றையும் குடித்துவிடும். ஆகவே 18ஆம் நாள் வாக்கில் பனிக்குட நீரில் நாம் எதைச் சேர்த்தாலும் அது வாய் வழியாகக் குடலுக்குப் போய்ச் சேரும். முட்டைக்குள் ஊட்டம் என்பதன் சூட்சுமம் இவ்வளவுதான். இஸ்ரேலைச் சேர்ந்த செஹாவா ஊனியும் அமெரிக்காவின் பீட்டர் ஃபெர்கெட்டும் இதை ஒரு முறையாக வகுத்து 2003-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்கள். முட்டைக்குள் ஊசி போடுவது அதற்கும் பழைய வேலை. கோழிகளுக்கு வரும் மேரக்ஸ் என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பூசியை இப்படிப் போடும் இயந்திரங்கள் 1990களின் தொடக்கத்திலேயே அமெரிக்க ஹேச்சரிகளுக்கு வந்துவிட்டன. நம் நாட்டில் இசத்நகரிலுள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிறுவனம் அமினோ அமிலங்களை முட்டைக்குள் செலுத்திப் பார்த்து ஆய்வு முடிவுகள் வெளியிட்டிருக்கிறது.

சரி, இப்போது உங்கள் கணக்குக்கு வருவோம்.

முதலில் உங்கள் பட்டினிக் கணக்கை எழுதுங்கள்

ஒரே நேரத்தில் அடைவைத்த முட்டைகள் ஒரே நேரத்தில் பொரிவதில்லை. முதல் குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் இடையே 24 மணி நேரம் முதல் 36 மணி நேரம் வரை இடைவெளி வரும். பெரிய ஹேச்சரியில் எல்லாம் பொரிந்து காய்ந்த பிறகுதான் தட்டுகளை வெளியே எடுப்பார்கள். அப்புறம் தரம் பிரிப்பு, தடுப்பூசி, பெட்டியில் எண்ணிப் போடுவது, வேன். பல்லடம், உடுமலைப் பக்கமிருந்து ராத்திரி வேனில் கிளம்பி, ஆரல்வாய்மொழி வழியாக இறங்கி, குலசேகரத்தில் ஒரு ரப்பர் தோட்டத்து ஷெட்டுக்கு வந்து சேரும் குஞ்சில், முதலில் பொரிந்தது இரண்டு நாளாக ஒரு மணி தீவனம்கூடப் பார்க்காமல் இருக்க வாய்ப்புண்டு. வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் மஞ்சள் கருதான் அதற்குச் சோறு. இந்தப் பட்டினியைத் தாங்கும் அளவுக்குக் குஞ்சைத் தயார் செய்வதுதான் முட்டைக்குள் ஊட்டத்தின் முக்கிய நோக்கம்.

நீங்கள் சொந்தமாகப் பொரிக்கிறவர் என்றால் உங்கள் ஷெட் ஹேச்சரியிலிருந்து அரைமணி நேரத் தூரம் இருக்கலாம். பெரிய நிறுவனம் ஊசி போட்டுச் சம்பாதிக்கப் பார்க்கிற அனுகூலத்தில் பாதியை நீங்கள் சும்மாவே வைத்திருக்கிறீர்கள். அதை முதலில் பயன்படுத்திவிட்டு ஊசிக்குப் போங்கள்.

ஒரு நோட்டு வாங்கி அடுத்த பொரிப்பில் மூன்று நேரங்களை எழுதுங்கள். முதல் குஞ்சு வெளியே வந்தது எப்போது, தட்டை எடுத்தது எப்போது, ஷெட்டில் குஞ்சு தீவனத்தில் வாய்வைத்தது எப்போது. முதலுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 24 மணி நேரத்துக்குள் இருந்தால் ஊசியால் உங்களுக்குக் கிடைக்கப்போவது கொஞ்சம்தான். 40 மணி நேரத்தைத் தாண்டினால், அந்த நேரத்தை எங்கே குறைக்கலாம் என்று பார்ப்பதே மலிவான வைத்தியம். பலருடைய விஷயத்தில் குஞ்சு சாயங்காலமே தயாராக இருக்கும். “காலையில எடுத்துக்கலாம்” என்று ராத்திரி முழுக்க ஹேச்சரில் கிடக்கும். அடைவைக்கும் நேரத்தை மாற்றினாலே இது சரியாகிவிடும்.

தாய்க்கோழி கொடுத்ததை மிஞ்சி ஒன்றுமில்லை

முட்டைக்குள் முதலில் ஊட்டம் வைப்பவள் தாய்க்கோழி. அவள் தின்ற தீவனத்திலுள்ள வைட்டமின்கள், துத்தநாகம், செலீனியம் எல்லாம் முட்டை வழியாகத்தான் குஞ்சுக்கு இறங்குகின்றன. அங்கே குறைந்திருந்தால் 18ஆம் நாள் அரை மில்லி ஊசியால் முழுதாக ஈடுகட்ட முடியாது. அடைமுட்டை வாங்கும்போது விலை மட்டும் பேசாமல் இரண்டு கேள்வி கேளுங்கள்: தாய்க்கோழிக்கு எத்தனை வாரம் ஆகிறது, முட்டை இட்டு எத்தனை நாள் ஆகிறது. இளந்தாய்க்கோழி முட்டை சிறியது, குஞ்சும் சிறியது, அதன் கையிருப்பும் குறைவு. ஊசி முயற்சி செய்ய விரும்பினால் இந்த மாதிரி முட்டைகளில்தான் வித்தியாசம் தெரிய வாய்ப்பு அதிகம்.

முட்டையைச் சேர்த்துவைக்கிற விஷயத்தில் நம் ஊர் வெயிலை மறந்துவிடக் கூடாது. அடைமுட்டையை ஒரு வாரம் வரை வைக்க 15 முதல் 18 டிகிரி செல்சியஸ் வேண்டும். நம் வீட்டு அறை 28, 30 டிகிரியில் இருக்கும். அதில் வைத்தால் கரு அரைகுறையாக வளரத் தொடங்கிச் சிதைந்துபோகும். ஏசி அறை இல்லையென்றால் இரண்டு மூன்று நாளுக்கு மேல் சேர்க்காமல் அடைவைத்துவிடுங்கள்.

இன்குபேட்டரும் நம் ஈரக்காற்றும்

செட்டரில் 37.5 முதல் 37.8 டிகிரி. இதை எல்லோரும் சரியாகவே வைத்திருப்பார்கள். ஈரப்பதத்தில்தான் நம் மாவட்டத்தில் கோளாறு வருகிறது. வடநாட்டுக்காரர் போட்ட வீடியோவைப் பார்த்து, இன்குபேட்டர் தட்டில் எப்போதும் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள். நமக்கோ தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழை. ஜூன் மாதத்தில் கல்குளம், விளவங்கோடு பக்கம் வெளிக்காற்றே நனைந்த துணி மாதிரி இருக்கும். அந்தக் காற்றை 37.5 டிகிரிக்குச் சூடாக்கினாலே உள்ளே ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி வந்துவிடும். முட்டையிலிருந்து வெளியேறும் ஈரம் வேறு இருக்கிறது. இதற்கு மேல் தட்டில் தண்ணீர் எதற்கு? தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் காற்றாலை சுற்றுகிற காற்று வேறு மாதிரி. அங்கே தண்ணீர் தேவைப்படலாம். மாவட்டம் சிறியதுதான், ஆனால் ஒரே அளவு எல்லோருக்கும் பொருந்தாது.

ஈரப்பத மீட்டரை விடத் தராசை நம்புங்கள். அடைவைக்கும்போது ஒரு தட்டு முட்டையை எடை போடுங்கள். 18ஆம் நாள் அதே தட்டை மறுபடி எடை போடுங்கள். 11 முதல் 13 சதவீதம் குறைந்திருக்க வேண்டும். அதாவது 60 கிராம் முட்டை 53 கிராம் அளவுக்கு வந்திருக்க வேண்டும். 8 சதவீதம்தான் குறைந்திருக்கிறது என்றால் காற்றறை சிறியது, உள்ளே நீர் அதிகம். குஞ்சு மூச்சு விடத் திணறும். அந்த முட்டைக்குள் நீங்கள் இன்னும் அரை மில்லி நீரைத் தள்ளினால் என்ன ஆகும் என்று சொல்லவே வேண்டாம். எடைக் குறைவு சரியாக வராத பேட்சில் ஊசியைத் தொடாதீர்கள்.

மின்சாரத்தைப் பற்றிப் புதியவர்களுக்கு ஒரு வார்த்தை. 2017 நவம்பர் 30 ஒக்கி புயலில் நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த அளவுக்கு வேண்டாம். இடிமழைக்கு ரப்பர் கிளை ஒடிந்து கம்பியில் விழுவது வருஷா வருஷம் நடப்பதுதான். ஜெனரேட்டர் இல்லாமல் ஹேச்சரி நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஊசி போடும் நாளை முடிவு செய்யும் முன், உங்கள் துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை அன்றைக்கு வருகிறதா என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நாள், எந்த நேரம்

அடைவைத்த நேரத்திலிருந்து 17 நாள் 12 மணி நேரம் முதல் 18 நாள் 12 மணி நேரம் வரை, அதாவது 420 முதல் 444 மணி நேரம் வரை உள்ள இடைவெளிதான் நமக்கு வேண்டியது. அதற்கு முன்னால் போட்டால் குஞ்சு பக்குவப்பட்டிருக்காது. பின்னால் போட்டால் பனிக்குட நீர் குடித்துத் தீர்ந்திருக்கும், ஊசி குஞ்சின் உடம்பிலேயே ஏறும்.

திங்கட்கிழமை சாயங்காலம் 6 மணிக்கு அடைவையுங்கள். மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு 420 மணி நேரம் ஆகிவிடும். அன்றைக்குப் பகலில் ஊசி, அதோடு ஹேச்சருக்கு மாற்றம். மூன்றாவது திங்கள் சாயங்காலம் 21 நாள் நிறைவு. வெளிச்சத்தில் வேலை செய்ய இந்தக் கணக்கு வசதியாக இருக்கும்.

எதை ஏற்றுவது

ஆராய்ச்சிக்காரர்கள் ஏற்றிப் பார்த்தவை நிறைய: குளுக்கோஸ், மால்டோஸ், டெக்ஸ்ட்ரின், அர்ஜினின், திரியோனின், மெத்தியோனின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ, துத்தநாகம், கார்னிடைன், கிரியேட்டின், நன்மை செய்யும் நுண்ணுயிரிகள். சிலவற்றில் நல்ல பலன், சிலவற்றில் ஒன்றுமில்லை, மாவுச்சத்தைக் கொஞ்சம் அதிகமாக ஏற்றிய இடங்களில் பொரிப்பு குறைந்தது. கடைகளில் கிடைக்கிற ‘கோழி டானிக்’ எதுவும் முட்டைக்குள் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டதல்ல. தண்ணீரில் கலக்கும் வைட்டமின் பொடியில் நிறமும் சர்க்கரையும் இருக்கும். கிருமிநீக்கம் செய்யப்பட்டதாகவும் இருக்காது.

புதியவருக்கு நான் சொல்வது ஒன்றே ஒன்று: மெடிக்கல் ஷாப்பில் மனிதருக்கு டிரிப் ஏற்றக் கிடைக்கும் 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் பாட்டில். அது கிருமியில்லாதது, செறிவு உடம்பு நீருக்கு நெருக்கமானது. அரை மில்லியில் 25 மில்லிகிராம் குளுக்கோஸ் இருக்கும். “இவ்வளவுதானா?” என்று தோன்றும். கல்லீரலின் கையிருப்பு மில்லிகிராம் கணக்கில்தான் என்று மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். அதே கடையில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸும் கிடைக்கும்; கூடுதல் சத்து என்று அதை வாங்கிவிடாதீர்கள். செறிவு கூடினால் சுற்றியுள்ள திசுக்களிலிருந்து நீரை உறிஞ்சிக் குஞ்சுக்கே கேடாக முடியும். அமினோ அமிலம், துத்தநாகம் எல்லாம் கால்நடை மருத்துவர் அளவு எழுதிக் கொடுத்தால் மட்டும்.

தேனைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, அதை ஏன் கொஞ்சம் கலக்கக் கூடாது என்று. தேனில் கிருமி வித்துகள் உயிரோடு இருக்கலாம். கைக்குழந்தைக்கே கொடுக்கக் கூடாது என்கிறார்கள். கருப்பட்டிக் கரைசலும் இளநீரும் அப்படித்தான். கருப்பட்டித் தண்ணீரைக் குஞ்சு வெளியே வந்த பிறகு குடிக்கக் கொடுங்கள், ரொம்ப நல்லது. ஆன்டிபயாடிக் ஊசியை ‘பாதுகாப்புக்கு’ ஒரு சொட்டு கலக்கச் சொல்லும் ஆட்களும் இருக்கிறார்கள். வேண்டாம். கோலிஸ்டின் மருந்தை உணவுக்கான கால்நடைகளுக்குப் பயன்படுத்துவதற்கு 2019-லேயே நம் அரசு தடை போட்டுவிட்டது. அந்தப் பழக்கத்துக்கே திரும்பப் போகாமல் இருப்பது நல்லது.

சாமான்களும் சுத்தமும்

ஒரு மில்லி சிரிஞ்ச், 24 கேஜ் ஒரு இஞ்ச் நீள ஊசி. இன்சுலின் சிரிஞ்சோடு வரும் ஊசி குட்டையானது, காற்றறையைத் தாண்டாது, அதை வாங்காதீர்கள். ஓட்டில் துளை போட 18 கேஜ் ஊசி ஒன்று போதும், சிறிய கைத்துளைக் கருவி இருந்தால் இன்னும் நல்லது. 70 சதவீத ஸ்பிரிட், பஞ்சு, எல்.இ.டி. டார்ச், பென்சில், கையுறை, துளையை அடைக்க உருக்கிய பாரஃபின் மெழுகு. இவ்வளவுதான் செலவு.

அறைதான் முக்கியம். ஓட்டைத் துளைத்தால் கிருமிக்கு வாசல் திறந்துவிடுகிறோம். ஜூன், ஜூலையில் ரப்பர் ஷீட்டில் பூசணம் பூக்கிற அதே காற்றுதான் உங்கள் ஹேச்சரி அறையிலும் இருக்கிறது. ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சை துளை வழியாக உள்ளே போனால் குஞ்சு நுரையீரல் நோயோடுதான் பொரியும். ஷெட்டில் வாயைத் திறந்து மூச்சு வாங்கிச் சாகும். ஆகவே மரத்தூள் மூட்டை, பழைய முட்டை அட்டை, தேங்காய் நார் எதுவும் அந்த அறையில் இருக்கக் கூடாது. முதல் நாளே தரையைக் கழுவிக் காயவிடுங்கள். ஊசி போடும்போது மின்விசிறியை நிறுத்துங்கள். மழைக்காலத்தில் முதல் முயற்சி வேண்டாம். பிப்ரவரி, மார்ச் நல்ல நேரம்.

வண்ண நீர் வைத்து ஒத்திகை

நேராக நல்ல முட்டையில் கைவைக்காதீர்கள். ஊசி எங்கே போய் நிற்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. பெரிய ஹேச்சரிகளில் இயந்திரம் சரியான இடத்தில் போடுகிறதா என்று பார்க்க நீலச் சாயம் ஏற்றிச் சில முட்டைகளை உடைத்துப் பார்ப்பார்கள். நீங்களும் கால்நடை மருத்துவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் செய்யுங்கள். 18ஆம் நாள் கரு வலி உணரக்கூடிய நிலைக்கு வந்த உயிர். ஒத்திகை முட்டைகளைத் துன்பமில்லாமல் முடிக்கும் முறையை அவர் சொல்லித் தருவார். ஐந்தாறு முட்டை போதும்.

உடைத்துப் பார்க்கும்போது சாயம் காற்றறையிலேயே தேங்கி நின்றால் ஊசி ஆழம் போதவில்லை. குஞ்சின் முதுகிலோ கழுத்திலோ தோலுக்கடியில் நீலத் திட்டு தெரிந்தால் ஆழம் கூடிவிட்டது அல்லது நாள் கடந்துவிட்டது. இறகு நனைந்து, குஞ்சைச் சுற்றிய மெல்லிய சவ்வுக்குள் எல்லாப் பக்கமும் நிறம் பரவியிருந்தால் சரியான இடம். கொஞ்சம் காத்திருந்து உடைத்தால் அலகுக்குள்ளும் நிறம் தெரியும், குஞ்சு குடித்திருக்கிறது. கை பழகும்வரை இந்த ஒத்திகையை விட்டு நகர வேண்டாம்.

மூன்று கூட்டமாகப் பிரியுங்கள்

டார்ச் வைத்துப் பார்த்து, உயிரில்லாத கருவையும் கூமுட்டையையும் முதலில் தள்ளிவிடுங்கள். 18ஆம் நாள் நல்ல முட்டை காற்றறையைத் தவிர மற்ற இடமெல்லாம் இருட்டாகத் தெரியும். மிச்ச முட்டைகளை எடை பார்த்துச் சமமாக மூன்றாகப் பிரியுங்கள். ஒரு கூட்டத்தைத் தொடவே கூடாது. இரண்டாவது கூட்டத்துக்குத் துளை போட்டு வெறும் 0.9 சதவீத சலைன், அதாவது டிரிப் ஏற்றும் உப்புநீர் மட்டும். மூன்றாவதுக்கு டெக்ஸ்ட்ரோஸ்.

சலைன் கூட்டம் எதற்கு என்று பலர் கேட்பார்கள். அரை மில்லி நீருக்கே அரை கிராம் எடை உண்டு. டெக்ஸ்ட்ரோஸ் குஞ்சு அரை கிராம் கூடப் பிறந்தால் அது சர்க்கரையாலா தண்ணீராலா என்று எப்படித் தெரியும்? துளையிட்டதால் செத்ததா, கரைசலால் செத்ததா என்பதும் சலைன் கூட்டத்தை வைத்துத்தான் தெரியும்.

ஊசி போடுதல்

கரைசலையும் சலைனையும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலோடு வைத்து 35 டிகிரி அளவுக்குக் கொண்டுவாருங்கள். அறை 27, 28 டிகிரி இருக்கட்டும். ஒரு நேரத்தில் ஒரு தட்டை மட்டும் செட்டரிலிருந்து எடுத்து 20 நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும்.

முட்டையின் அகன்ற முனை மேலே இருக்கட்டும். டார்ச் அடித்துக் காற்றறையின் விளிம்பைப் பென்சிலால் வரையுங்கள். அதன் நடுவில் ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துக் காயவிடுங்கள். ஈரத்தோடு துளைத்தால் ஸ்பிரிட்டே உள்ளே போகும். துளை ஓட்டை மட்டும் தாண்டினால் போதும், அடியிலுள்ள சவ்வைக் கிழிக்க வேண்டாம். பிறகு ஊசியைச் செங்குத்தாக இறக்குங்கள். காற்றறைக்குள் ஊசி தடையில்லாமல் போகும். அதன் அடித்தளச் சவ்வில் லேசாக ஒரு ‘பொட்’ என்ற தடை விரலுக்குத் தெரியும், அதைத் தாண்டினால் பனிக்குட நீர். ஒத்திகையில் பழகிய ஆழத்துக்கு மேல் போக வேண்டாம். அரை மில்லியை ஒரே அழுத்தாகத் தள்ளாமல் நிதானமாக விடுங்கள். வெளியே எடுக்கும்போது ஊசியில் ரத்தம் வந்தால் அந்த முட்டையில் பென்சிலால் குறி வையுங்கள்; அது பொரிகிறதா என்று தனியாகப் பார்க்கலாம்.

துளையில் ஒரு சொட்டு மெழுகு. உருகி, கை தாங்கும் சூட்டுக்கு ஆறியதாக இருக்க வேண்டும். நெயில் பாலிஷ் வேண்டாம், அதன் ஆவி உள்ளே போகும். ஒவ்வொரு முட்டைக்கும் புது ஊசி மாற்றுவதுதான் முறை. அது கட்டுப்படியாகாது என்றால் ஒவ்வொரு முறையும் ஊசியை ஸ்பிரிட்டில் துடைத்து, பத்து முட்டைக்கு ஒரு முறையாவது மாற்றுங்கள். முனை மழுங்கினால் சவ்வு கிழியும். பயன்படுத்திய ஊசிகளை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மருத்துவமனைக் கழிவோடு சேர்க்கச் சொல்லிக் கொடுங்கள். தோட்டத்தில் வீசினால் ரப்பர் பால் வெட்டப் போகிறவர் காலில் ஏறும்.

ஹேச்சரில் 37 டிகிரி, ஈரப்பதம் 65 முதல் 75 சதவீதம். மூன்று கூட்டத்தையும் தனித்தனித் தட்டில், தடுப்பு வைத்து வையுங்கள். கலந்துவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண்.

எண்ணுவதும் எடை போடுவதும்

பொரிந்த குஞ்சு, குத்தியும் வெளிவராமல் செத்தது, குத்தாமலே செத்தது என்று ஒவ்வொரு கூட்டத்துக்கும் தனித்தனியாக எழுதுங்கள். தொப்புள் மூடியிருக்கிறதா, கால் பளபளப்பாக இருக்கிறதா, குப்புறப் போட்டால் உடனே எழுந்து நிற்கிறதா என்று பாருங்கள். குஞ்சின் எடை முட்டையின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்கும்.

நூறு முட்டையில் டெக்ஸ்ட்ரோஸ் கூட்டம் 84, தொடாத கூட்டம் 87 என்றால் இரண்டும் ஒன்றுதான். அவ்வளவு சிறிய வித்தியாசம் தற்செயலாகவே வரும். எதிர்ப்பக்கம் வந்தாலும் அப்படித்தான், சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். நாலைந்து பேட்சிலும் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் அதில் ஏதோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஒரே பேட்சில் பத்துப் பதினைந்து குஞ்சு குறைந்தால் ஊசி போட்ட கையையோ அறையையோ சந்தேகியுங்கள். சலைன் கூட்டமும் சேர்ந்து குறைந்திருந்தால் அது உறுதி.

பிறந்த நாள் எடையை விட 7ஆம் நாள் எடைதான் உண்மை சொல்லும். 42 கிராமில் பிறந்த குஞ்சு ஒரு வாரத்தில் குறைந்தது நான்கு மடங்காக, 170 கிராமுக்கு மேல் வந்திருக்க வேண்டும். மூன்று கூட்டத்துக்கும் ஒரே ஷெட், ஒரே தீவனம், ஒரே பல்பு. ஒரு கூட்டத்தை மட்டும் செல்லமாக வளர்த்துவிட்டு ஊசி வேலை செய்தது என்று சொல்லக் கூடாது.

முதல் நாள் ஷெட்டில் செய்வதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதெல்லாம் நீங்கள் அறிந்ததே. குஞ்சு வரும் முன்பே தரை சூடாகியிருக்க வேண்டும். காகிதம் விரித்துத் தீவனம் தூவி, தண்ணீர்க் கிண்ணம் நெருக்கமாக வையுங்கள். 8 மணி நேரம் கழித்துக் குஞ்சுகளை எடுத்துக் கழுத்தடியிலுள்ள தீவனப்பையைத் தடவிப் பாருங்கள். பத்தில் எட்டுக் குஞ்சுக்காவது நிறைந்து மெத்தென்று இருக்க வேண்டும். அடுத்த நாள் இதே நேரம் பத்துக்குப் பத்து இருக்க வேண்டும். கல் மாதிரி கெட்டியாக இருந்தால் தண்ணீர் கிடைக்கவில்லை. தீவனம் சீக்கிரம் உள்ளே போனால் வயிற்றிலுள்ள மஞ்சள் கருவும் சீக்கிரம் கரையும், குடலும் வேகமாக வளரும்.

நாலைந்து பேட்ச் கணக்கு சேர்ந்த பிறகு அந்த நோட்டை எடுத்துக்கொண்டு திருநெல்வேலி இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ உங்கள் பகுதி கால்நடை மருத்துவரிடமோ போங்கள். எடைக் குறைவு, பொரிப்பு நேரம், மூன்று கூட்டத்துக் கணக்கு எல்லாம் எழுதி வைத்திருக்கும் ஆளிடம் அவர்களும் உட்கார்ந்து பேசுவார்கள். அமினோ அமிலமோ துத்தநாகமோ சேர்த்துப் பார்க்கலாமா, எந்த அளவில் என்பதை அங்கே வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள். கணக்கில் ஊசி போட்ட கூட்டத்துக்கும் தொடாத கூட்டத்துக்கும் வித்தியாசமே வரவில்லை என்றால், சிரிஞ்சுக்குச் செலவழிக்கிற பணத்தை ஜெனரேட்டர் டீசலுக்கு வைத்துக்கொள்ளலாம்.